மரே ஆற்றங்கரையில் ஒரு ஃபுட்டி வாரம்: ஓவன்ஸ் அண்ட் மரே லீகின் ஊர்களில்

வியாழன், வாங்கரட்டா

மெல்பர்னிலிருந்து ஹியூம் நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம் வடகிழக்கே வந்தால் வாங்கரட்டா. ஜூன் கடைசி வாரம், இங்கே குளிர்காலம். ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால், ஆடும் ஓவன்ஸ் அண்ட் மரே ஃபுட்பால் நெட்பால் லீகின் சீசன் ஏறக்குறையப் பாதியில் நிற்கிறது. பத்து கிளப்புகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு சொந்த மைதானத்தில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆட வேண்டும். ஆக, ஏப்ரலில் தொடங்கி 18 சுற்றுகள். செப்டம்பரில் முதல் ஐந்து இடத்தார் மட்டும் ஃபைனல்ஸுக்குப் போவார்கள். 1893-லிருந்து இருக்கும் லீக் இது.

தொலைக்காட்சியில் நாட்டின் உச்ச லீகான ஏ.எஃப்.எல். மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த விளையாட்டின் பாதிதான் கண்ணில் படுகிறது. மீதிப் பாதி சனிக்கிழமைக்கு முந்தைய நாட்களில் நடக்கிறது. அதில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் ஒரு டாலரும் வாங்காதவர்கள். பார்க்க வருபவர்கள் வியாழனன்றே வந்துவிடுவது நல்லது.

இந்த ஊரில் மட்டும் இரண்டு கிளப்: மேக்பைஸ், ரோவர்ஸ். ரோவர்ஸின் இடம் ஃபிண்ட்லே ஓவல் என்ற முட்டை வடிவ மைதானம். மெல்பர்னின் காலிங்வுட் கிளப்பின் பெரிய ஆட்டக்காரர் பாப் ரோஸ் 1956-ல் இங்கே கேப்டனும் கோச்சுமாக வந்து, 1958-லும் 1960-லும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பெருநகரத்தில் புகழின் உச்சியில் இருந்தவர் கிராமப்புற லீகுக்கு வந்தது அந்தக் காலத்தில் அதிசயமில்லை. இங்கே கோச் வேலையோடு பிழைப்புக்கும் ஒரு வழி கிடைத்தது.

பயிற்சி செவ்வாயும் வியாழனும், வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல், விளக்கு வெளிச்சத்தில். செவ்வாய் கடினமாக இருக்கும்; உடல் மோதும் பயிற்சி எல்லாம் அன்றுதான். வியாழன் இலகுவானது. ஓட்டமும் கால் உதையும் மட்டும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பார்க்க வேண்டியது ட்ராப் பன்ட் உதை. முட்டை வடிவப் பந்தை நெட்டுக்குத்தாகப் பிடித்து, முனையைச் சற்றே தன் பக்கம் சாய்த்து, உதைக்கும் கால் பக்கத்துக் கையால் மட்டும் கீழே வழிகாட்டி, முழங்கால் அருகே வந்ததும் கையை விட வேண்டும். கால்விரல்கள் நீட்டியபடி இருக்க, பந்தின் கீழ்முனை பாதத்தின் மேற்புறத்தில் பட வேண்டும். சரியாகப் பட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே நேராகப் போகும். உயரத்திலிருந்து பந்தை விட்டால் வழியில் காற்று அதைத் திருப்பிவிடும். பத்தில் ஒன்பது கோணல் உதைகளுக்குக் காலைப் பழி சொல்வார்கள், தவறு கையில் இருக்கும்.

பயிற்சிக்குப் பிறகு கிளப் கட்டடத்தில் சாப்பாடு. அதற்குள் தேர்வுக் குழு ஓர் அறையில் வெள்ளைப் பலகை முன் உட்கார்ந்துவிடும். தடுப்பு, பாதித் தடுப்பு, நடு, பாதி முன்வரிசை, முன்வரிசை என்று ஐந்து வரிசையில் மூன்று மூன்று பேர். இவர்களோடு மைதானம் முழுக்க ஓடும் மூவர்: ரக், ரக் ரோவர், ரோவர். மொத்தம் 18. பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர்கள்.

பெயர்களை எழுதினால் போதாது, கூட்டலும் போட வேண்டும். விக்டோரியா மாநிலத்தின் சமூக லீகுகளில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் புள்ளி உண்டு. அந்தக் கிளப்பிலேயே சிறுவயதிலிருந்து ஆடியவருக்கு 1. மேல்மட்ட லீகுகளிலிருந்து வருபவர்களுக்கு ஏறிக்கொண்டே போய் 6 வரை. ஒரே கிளப்பில் ஒவ்வொரு ஆண்டு தங்கும்போதும் புள்ளி ஒன்று குறையும். களமிறங்கும் அணியின் கூட்டுத்தொகை லீக் விதித்த வரம்பைத் தாண்டக் கூடாது. சிக்கல் வருவது சனிக்கிழமை காலையில். உள்ளூர்ப் பையன் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட, அவசரத்தில் வெளியூர் ஆள் ஒருவரை இறக்கினால் வரம்பு தாண்டிவிடும். வென்ற ஆட்டமும் கைவிட்டுப் போகலாம். அதனால் நல்ல குழு வியாழனன்றே இரண்டு புள்ளி மிச்சம் வைத்துப் பட்டியல் போடுகிறது.

வெள்ளி, மிர்ட்டில்ஃபோர்ட்

வாங்கரட்டாவிலிருந்து கிரேட் ஆல்பைன் சாலையில் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், மலை இரண்டு பக்கமும் நெருங்கிவரும் இடத்தில் ஊர். செயின்ட்ஸ் கிளப்பின் மைதானம் மெக்நமாரா ரிசர்வ் இங்கே.

வெள்ளிக்கிழமை கோடு போடும் நாள். மைதானங்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. நீளம் 135-லிருந்து 185 மீட்டர், அகலம் 110-லிருந்து 155 மீட்டர் வரை விதி இடம் கொடுக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் கோடுகளின் அளவு எங்கும் மாறாது. முதலில் இரு கோல்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே கயிறு கட்டி, பாதியில் முளை அடிக்கிறார்கள். அதைச் சுற்றி 50 மீட்டர் சதுரம். மூலைவிட்டங்கள் இரண்டும் 70.7 மீட்டர் வந்தால்தான் சதுரம் சரி. வராவிட்டால் எங்கோ கயிறு தொய்ந்திருக்கிறது, மறுபடி அளக்க வேண்டும். சதுரத்தின் நடுவில் 3 மீட்டர், 10 மீட்டர் விட்டத்தில் இரு வட்டங்கள். பிறகு கோல் கோட்டின் நடுவிலிருந்து 50 மீட்டர் நாடாவை வீசி வில்வளைவு. கடைசியாகக் கோல் சதுரம்: அகலம் 6.4 மீட்டர், முன்னே 9 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் கம்பங்கள் நான்கும் 6.4 மீட்டர் இடைவெளியில் நிற்கும். நடு இரண்டும் குறைந்தது 6 மீட்டர் உயரம், ஓரத்து இரண்டும் 3 மீட்டர்.

பெயின்ட் தண்ணீரில் கலக்கும் வெள்ளை பெயின்ட். ஒருகாலத்தில் சுண்ணாம்பு போட்டார்கள். ஈரத் தோலில் பட்டுப் புண்ணானதால் அதை விட்டாயிற்று. ஜூனில் பனி காலை பதினொரு மணி வரை புல்லில் நிற்கும். அதன் மேல் அடித்த பெயின்ட் புல்லைப் பிடிக்காமல் வழிந்து, மறுநாள் சாம்பல் நிறத்தில் தெரியும். நடுப்பகலில், புல் வெட்டிய பிறகே அடிக்க வேண்டும். அடித்துவிட்டு வெட்டினால் கோட்டையும் சேர்த்து வெட்டியதாகிவிடும்.

இந்தப் பக்கத்து மைதானங்களில் பெரும்பாடு படுத்துவது நடுப்பகுதி. கோடையில் இதே இடம் கிரிக்கெட் மைதானம். பிட்ச் போட்ட களிமண் மழையில் பசையாகிறது. கோடைப் புல் குளிர்காலத்தில் வளராது. இலையுதிர் காலத்தில் ரைகிராஸ் என்ற குளிர்காலப் புல்லின் விதை தூவி அது வேரூன்றினால் ஆகஸ்ட் வரை தாங்கும். விதை முளைக்கும் முன் ஏப்ரல் ஆட்டங்கள் அதை மிதித்துவிட்டால் சீசன் முழுக்க நடுவில் சேறுதான். கோல் முனையைக்கூடச் சரிசெய்துவிடலாம், நடுவைச் சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் அங்கேதான் மறுபடி தொடங்குகிறது.

கம்பங்களின் காப்புறைகளையும் இன்றே கட்டுகிறார்கள். குறைந்தது 2.5 மீட்டர் உயரம், 35 மில்லிமீட்டர் கனம். இதில் யாரும் சமரசம் செய்யக் கூடாது. பந்தை மட்டும் பார்த்து முழு வேகத்தில் பின்னோக்கி ஓடி வரும் ஆளுக்குக் கம்பம் தெரியாது.

சனி, மிர்ட்டில்ஃபோர்ட்

காலை எட்டு மணிக்குக் கேன்டீன் திறந்தாகிவிட்டது. இறைச்சி அடைத்த மாவுப் பண்டமான ‘மீட் பை’களை உறைந்த நிலையிலிருந்து அடுப்பில் நடுப்பகுதி 75 டிகிரி வரும்வரை சுட்டு, பிறகு சூடு காக்கும் பெட்டிக்கு மாற்றுகிறார்கள். பெட்டி 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டாம் குவார்ட்டர் முடியும் இடைவேளையில்தான் பெருங்கூட்டம் வரும். அந்த நேரத்துக்குச் சூடாக வேண்டுமென்றால் முக்கால் மணி முன்பே அடுப்பில் ஏற்ற வேண்டும். கூட்டத்தைப் பார்த்தபின் ஏற்றினால் எல்லாம் முடிந்துவிடும்.

முதலில் 18 வயதுக்குட்பட்டோர், பிறகு இரண்டாம் அணியான ரிசர்வ்ஸ், இரண்டு மணியளவில் சீனியர். பக்கத்துக் கோர்ட்டில் காலையிலிருந்தே, கூடைப்பந்து போன்ற நெட்பால், கிரேடு கிரேடாக. நெட்பால் பக்கவாட்டு நிகழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். ஒரே வீட்டிலிருந்து அண்ணன் ஓவலுக்கும் தங்கை கோர்ட்டுக்கும் ஒரே காரில் வருவதால்தான் இந்தக் கிளப்புகள் உயிரோடு இருக்கின்றன. கார்களை ஓவலைச் சுற்றி முகப்பை உள்பக்கம் திருப்பி நிறுத்துகிறார்கள். நல்ல இடம் வேண்டுமானால் பத்து மணிக்குள் வந்துவிட வேண்டும். தன் அணி கோல் அடித்தால் எல்லாக் கார்களும் ஹாரன் அடிக்கும்.

உடைமாற்றும் அறையில் ஒரு மணிக்கு நடக்கும் வேலையைக் கிட்டே பார்க்க வேண்டும்: கணுக்கால் கட்டு. 38 மில்லிமீட்டர் அகலமுள்ள, இழுத்தால் நீளாத டேப். ஒரு சுருளில் 13.7 மீட்டர். பாதத்தைச் செங்குத்தாக, 90 டிகிரியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் ட்ரெய்னர். கணு எலும்புக்குச் சற்று மேலே முதல் வளையம். அதன் உள்பக்கத்திலிருந்து இறங்கி, குதிகாலுக்கு அடியில் போய், வெளிப்பக்கமாக மேலே இழுத்து ஒட்டும் பட்டைகள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறினாற்போல. அதன்பின் பாதத்தைச் சுற்றி ஆறு எண் வடிவில் இரண்டு, குதிகாலைப் பூட்ட இரண்டு, மேலே மூடும் வளையங்கள். இழுப்பு எப்போதும் உள்ளிருந்து வெளியே. கணுக்கால் பெரும்பாலும் உள்நோக்கி மடங்கியே சுளுக்குவதால், வெளிப்பக்கம் தூக்கிப் பிடிக்கும் கட்டுதான் காப்பாற்றும். டேப்பில் சுருக்கம் விழுந்தால் முதல் குவார்ட்டருக்குள் கொப்புளம். முடித்ததும் கால்விரல் நகத்தை அழுத்திப் பார்க்கிறார். நிறம் உடனே திரும்பாவிட்டால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

சைரன். அம்பயர் நடுவட்டத்தில் பந்தை மேலே எழுப்புகிறார். ரக்மேன்கள் இருவர் மோதித் தட்டிவிட, ரோவர் பொறுக்கிக்கொள்கிறார். ஆட்டக்காரர் பந்தைக் கையால் எறியக் கூடாது. ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்த வேண்டும் (ஹேண்ட்பால்), இல்லாவிட்டால் உதைக்க வேண்டும். பந்தோடு ஓடினால் 15 மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும். 15 மீட்டராவது வந்த உதையை நழுவாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நின்று நிதானமாக உதைக்கலாம். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6, ஓரத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், அதற்கு 1. பலகையில் 12.8 (80) என்று இருந்தால் 12 கோல், 8 பிஹைண்ட், மொத்தம் 80.

ஈர மைதானத்தில் தோற்கும் அணி பெரும்பாலும் ஒரே காரணத்துக்குத் தோற்கிறது: காய்ந்த மைதானத்தின் ஆட்டத்தையே ஆடுவது. நனைந்த தோல் பந்து வழுக்கும். அடுத்தடுத்து மூன்று ஹேண்ட்பால் போனால் ஒன்று கீழே விழும், விழுந்த இடத்தில் எதிரணிக்காரர் குனிந்திருப்பார். குளிர்கால ஃபுட்டியில் பந்தைக் கையில் எடுத்ததும் 40 மீட்டர் முன்னே உதைத்து, அது விழும் இடத்துக்கு ஆட்களைக் கூட்ட வேண்டும். பிடிக்க முடியாத பந்தைக் காலால் தரையோடு தள்ளிவிடவும் கூச்சப்படக் கூடாது. அழகாக இருக்காது. அப்படி ஆடுகிற அணியே சேற்றில் ஜெயிக்கிறது. ஒவ்வோர் அடியும் உழைப்பு என்று தெரிகிற அந்த ஆட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்றாம் குவார்ட்டர் முடிந்ததும் வேலியைத் தாண்டி உள்ளே போகலாம். பெரிய மைதானங்களில் இது நடக்காது. கோச்சைச் சுற்றி ஆட்டக்காரர்கள், அவர்களைச் சுற்றி ஊர். அவர் சொல்வது முழுக்கக் காதில் விழும். கடைசிச் சைரனுக்குப் பின் அம்பயர்கள் சிறந்த மூன்று ஆட்டக்காரர்களுக்கு 3-2-1 என்று வோட்டு எழுதி உறையில் ஒட்டிவிடுகிறார்கள். சீசன் முடியும்போது அவற்றைப் பிரித்து எண்ணித்தான் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கு மோரிஸ் மெடல். ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டு.

ஞாயிறு, யாரவாங்கா

மரே ஆற்றில் அணை கட்டி உருவான முல்வாலா ஏரியின் தென்கரை. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. இந்தக் கரை விக்டோரியா; பாலத்தைத் தாண்டினால் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். இங்கே ஜே.சி. லோ ஓவல், பிஜன்ஸ் கிளப்.

ஞாயிறு எந்தக் கிளப்பிலும் துவைக்கும், எண்ணும், வலிக்கும் நாள். சேறு படிந்த ஜெர்சிகளை முதலில் குழாய்த் தண்ணீரில் அலசாமல் மெஷினில் போட்டால் மெஷின் வடிகால் அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர், கொடியில் உலர்த்தல். வெப்ப உலர்த்தியில் போட்டால் முதுகு எண்கள் உரியும்.

முக்கியமான கணக்கு தலையில் அடிபட்டவர்களுடையது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது. 2024-லிருந்து சமூக ஃபுட்டியில் திரும்பி ஆடக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும், மருத்துவர் கையெழுத்தும் வேண்டும். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம், மோதல் இல்லாத பயிற்சி, மோதும் பயிற்சி என்று படிப்படியாக. ஒரு படியில் தலைவலி வந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு சனிக்கிழமைகளாவது போய்விடும். ஆகஸ்ட் கடைசியில் அடிபட்டால் ஃபைனல்ஸே போகலாம். அதனால்தான் சில ஆட்டக்காரர்கள் மறைக்கப் பார்க்கிறார்கள். மறைப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் ட்ரெய்னர் அல்ல, தண்ணீர் கொண்டு ஓடும் ஆள். வழக்கமாகப் பேசுகிறவர் பேசாமலிருப்பது அவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னால் கோச் கேட்கிற கிளப்பில் தைரியமாகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம்.

திங்கள், கொரோவா

ஜூன் 30. ஆட்டக்காரர்கள் கிளப் மாற இன்றுதான் கடைசி நாள். எல்லாம் பிளேஹெச்க்யூ என்ற இணையத்தளம் வழியே. புதுக் கிளப் கேட்க வேண்டும், பழைய கிளப் விடுவிக்க வேண்டும். கடைசி நாள் மாலையில் கேட்டால் மறுப்பு வந்தபின் சரிசெய்ய நேரம் இருக்காது. ஆவணம் ஒன்று குறைந்ததால் சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லா லீகிலும் உண்டு.

கொரோவா அந்தத் தேதியின் கனத்தை அறிந்த ஊர். கொரோவாவும் ஆற்றுக்கு அக்கரை ரதர்கிளெனும் 1979-ல் சேர்ந்து ஒரே கிளப் ஆயின. ஜான் லாங்மயர் இங்கிருந்துதான் நார்த் மெல்பர்னுக்குப் போய் 1990-ல் ஏ.எஃப்.எல்.லில் அதிக கோல் அடித்தார். அப்படிப்பட்ட கிளப், ஆள் போதாமல் 2023 சீசனில் ஆடவில்லை. 2024-ல் திரும்பி வந்தது.

கிளப் ஒன்று நிற்பது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். சீனியர் அணிக்கு 18 பேர், பெஞ்ச், அதே அளவு ரிசர்வ்ஸ், 18 வயதுக்குட்பட்டோர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 70 பேராவது வேண்டும். பள்ளி முடித்தவர்கள் மெல்பர்னுக்கோ வாகா வாகாவுக்கோ போகிறார்கள். அணி தோற்கத் தொடங்குகிறது. தோற்றால் வெளியாட்கள் வரத் தயங்குவார்கள், வருபவர் கூடுதலாகக் கேட்பார். நன்றாக ஆடும் உள்ளூர்க்காரர் அரை மணி தூரத்தில் ஜெயிக்கிற கிளப்புக்கோ, அடுத்த நிலை லீகுக்கோ நகர்கிறார். ரிசர்வ்ஸில் ஆள் குறைந்தால் ஒரே பையன் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுகிறான், காயம் படுகிறான். சுழல் இதுதான். வெளியேற ஒரே வழி கீழிருந்து கட்டுவது: 18 வயதுக்குட்பட்டோர் அணியை எந்த விலை கொடுத்தும் காப்பது. ஓர் ஆண்டு இல்லாமலிருந்தும் திரும்பிவந்த இந்தக் கிளப்பை, பட்டம் வென்ற எந்த அணியைவிடவும் நான் பெரிதாக நினைக்கிறேன்.

காலனிகளை ஒரே நாடாக்குவது பற்றிய கொரோவா மாநாடு கூடியதும் 1893-ல், லீக் பிறந்த அதே ஆண்டில். ஜான் ஃபோர்ட் ஓவலுக்கு வருபவர்கள் ஊர் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம்.

செவ்வாய், ஆல்பரி - வொடோங்கா

ஆற்றின் இருபுறமும் ஒரே நகரம்போல் வாழும் இரு நகரங்கள், ஐந்து கிளப்புகள். வடக்கே ஆல்பரி, நார்த் ஆல்பரி, லாவிங்டன்; தெற்கே வொடோங்கா, வொடோங்கா ரெய்டர்ஸ். 2020 ஜூலையில் கொரோனா தொற்றால் மாநில எல்லையை மூடியபோது லீகின் நான்கு கிளப் ஒரு பக்கமும் ஆறு கிளப் மறுபக்கமும் நின்றன. அந்த ஆண்டு சீசன் நடக்கவில்லை.

நார்த் ஆல்பரியின் மைதானம் பன்டன் பார்க். ஆல்பரியில் பிறந்த ஹேடன் பன்டன் 1931, 1932, 1935 ஆண்டுகளில், மெல்பர்னின் பெரிய லீகில் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பிரவுன்லோ மெடல் வென்றவர். அவரைச் சேர்க்க அங்கிருந்த ஃபிட்ஸ்ராய் கிளப் விதிக்கு மேல் பணம் தர முனைந்தது வெளிவந்ததால், 1930 சீசனை மெல்பர்னில் ஆட முடியாமல் கழித்தார். கிராமத்து ஆட்டக்காரரும் மேசைக்கடியில் நகரும் பணமும் நூறாண்டுக் கதை. 2022 இறுதியில் யாரவாங்காவை வென்ற வாங்கரட்டா மேக்பைஸின் பட்டம், சம்பள வரம்பை மீறியதற்காக அடுத்த ஆண்டு பறிக்கப்பட்டது. கடுமையான தண்டனைதான், ஆனால் அவசியமானது என்பேன். கணக்கைப் பார்ப்பவர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை செய்யும் தன்னார்வலர். வரம்பு என்று ஒன்று இல்லாவிட்டால், ஒவ்வொரு சீசனும் பெரிய ஸ்பான்சர் உள்ள கிளப்பிடமே போய்ச் சேரும். மற்ற ஊர்கள் அதைத் துரத்திக் கடனில் விழும்.

சனிக்கிழமை அம்பயர் புகார் செய்தவர்களின் விசாரணையும் வாரத் தொடக்கத்தில்தான். செயல் அலட்சியமா வேண்டுமென்றா, தாக்கம் எவ்வளவு, பட்ட இடம் உடலா தலையா என்ற மூன்றையும் அட்டவணையில் வைத்து எத்தனை ஆட்டத் தடை என்று வருகிறது. முதலிலேயே ஒப்புக்கொண்டால் ஓர் ஆட்டம் குறைவதுண்டு. காணொளி இல்லாத ஆட்டங்களில் அம்பயரின் வாக்குமூலமே எடைகூடியது.

செப்டம்பரில் வர நினைப்பவர்களுக்கு ஃபைனல்ஸ் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மோதும். நான்கும் ஐந்தும் மோதித் தோற்றவர் வெளியே. முதலிடத்தாருக்கு ஓய்வு. இரண்டாம் வாரம் முதலிடத்தார், இரண்டு-மூன்று ஆட்டத்தில் வென்றவரோடு. இதில் வென்றால் நேரே இறுதி. இரண்டு-மூன்று ஆட்டத்தில் தோற்றவர், நான்கு-ஐந்தில் வென்றவரோடு மோதி, தோற்பவர் வெளியே. மூன்றாம் வாரம், மீதி இருவர் மோதும் ப்ரிலிமினரி, நான்காம் வாரம் இறுதி, லாவிங்டனில் பெரும்பாலும். இறுதியில் சிறந்த ஆட்டக்காரருக்கு டிட் சிம்ப்சன் மெடல்.

ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் வர முடியும் என்றால் இரண்டாம் வாரத்தின் முதலிடத்தார் ஆட்டத்துக்கு வாருங்கள். இரு அணிக்கும் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு இருப்பதால் பயமில்லாமல் ஆடுகிறார்கள். இறுதியில் பதற்றம் பாதி ஆட்டத்தைத் தின்றுவிடும். ஆல்பரி ரயில் நிலையத்துக்கு மெல்பர்னிலிருந்து நேரடி ரயில் உண்டு. மடக்கு நாற்காலி, ரப்பர் பூட்ஸ், சில்லறை மூன்றும் எடுத்து வாருங்கள். இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் மீட் ட்ரே ராஃபிள் குலுக்கலுக்கு டிக்கெட் விற்க வருபவரிடம் கார்டு மெஷின் இருக்கும் என்ற உறுதியில்லை.